ஒரு துளி இரத்தமும் ஓர் இரகசியமும்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)



வருமுன் காப்பதே அறிவுடைமை என்று நாம் எல்லோரும் பரீட்சையில் கட்டுரை எழுதியிருக்கிறோம். நானும் எழுதினேன். பத்துக்கு எட்டு மதிப்பெண் கிடைத்தது. ஆனால் அந்தக் கட்டுரையை எழுதிய அதே நாட்களில், எங்கள் வீட்டுக்குள் ஒரு நோய் அடிமேல் அடி வைத்து நுழைவதைக் கண்ணால் கண்டும் நான் வாய் திறக்காமல் இருந்தேன். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, எட்டு மாதம்! அந்த எட்டு மாதத்தைப் பற்றியும், அதன் நடுவே நான் கற்றுக்கொண்ட ஓர் அற்புதமான விஞ்ஞானத்தைப் பற்றியும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்கள் வீடு பாளையங்கோட்டையில் இருக்கிறது. அப்பாவைப் பெற்ற ஆச்சி எங்களோடுதான் இருக்கிறார்கள். வயது 72. ஆச்சி வைக்கும் சொதிக்கு எங்கள் தெருவில் இணை கிடையாது. மீன்காரம்மா வாசலில் கூடையை இறக்கினால் ஆச்சிதான் முதலில் போவார்கள். சீலா மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள், விரலால் ஒரு அழுத்து அழுத்துவார்கள், "இது நேத்தைக்குப் பிடிச்சது, வேண்டாம்" என்று சொல்லிவிடுவார்கள். ஒரு தடவைகூட அந்தத் தீர்ப்பு தவறியதில்லை.

சென்ற ஆண்டு ஜூன் மாதம், நான் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரம். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து, பாடகர் குழுப் பயிற்சியையும் முடித்துக்கொண்டு தாமதமாக வீடு திரும்பினேன். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, பூட்டியிருந்த ஒரு கடை வாசலில் ஆச்சி குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் கோயிலை விட்டுப் புறப்பட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"ஆச்சி, இங்க ஏன் நிக்கிய?" என்றேன்.

ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கை சில்லென்று இருந்தது. "எந்தப் பக்கம் திரும்பணும்னு தெரியலட்டி" என்றார்கள். நாற்பது வருடமாக நடந்த பாதை அது! பத்தடி நடந்ததும் நின்று, "இத உங்கப்பாட்ட சொல்லிராத, என்ன? அப்புறம் என்னைத் தனியா கோயிலுக்கு விடமாட்டான்" என்றார்கள்.

"சொல்லமாட்டேன் ஆச்சி" என்று சத்தியம் செய்தேன்.

அன்றிலிருந்து நான் ஆச்சியின் கூட்டாளியாகிவிட்டேன். சொதியில் இரண்டு முறை உப்புப் போட்டால், யாரும் அறியாமல் தேங்காய்ப்பால் சேர்த்துச் சரிசெய்தேன். ஜெபமாலையில் மூன்றாம் தேவ இரகசியம் முடிந்ததும் மறுபடியும் மூன்றாவதையே தொடங்கினால், "நாலு ஆச்சி" என்று மெதுவாக எடுத்துக்கொடுத்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். எப்போதும் பொறுமையாக இருந்தேன் என்றும் சொல்லமாட்டேன். ஒரு நாள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, "இன்னைக்கு என்ன கிழமை?" என்று நாலாவது முறையாகக் கேட்டார்கள். "எத்தன தடவ கேப்பிய?" என்று கத்திவிட்டேன். ஆச்சி ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார்கள். அதற்குப் பிறகு என்னிடம் கிழமை கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். அந்த மௌனம் என்னை இன்றும் உறுத்துகிறது.

ஜனவரி மாதம் பள்ளியில் அறிவியல் கண்காட்சி அறிவித்தார்கள். எங்கள் அறிவியல் சிஸ்டர் ஒரு தாளில் தலைப்புகளை எழுதி வந்து வாசித்தார்கள். மழைநீர் சேகரிப்பு, சூரிய அடுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் கைகள் உயர்ந்தன. "இரத்தப் பரிசோதனையும் கணிப்பொறியும் கொண்டு மறதி நோயை முன்கூட்டியே அறிதல்" என்ற தலைப்புக்கு யாருமே கை உயர்த்தவில்லை. என் கை மட்டும் தானாக உயர்ந்தது.

இனி நான் படித்ததைச் சொல்கிறேன்.

முதுமையில் சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது வேறு. சாவி எதற்கு என்றே மறப்பது வேறு. இரண்டாவது வகை, மூளையைத் தாக்கும் நோய்களால் வருவது. அதற்கு டிமென்ஷியா என்று பெயர். அதில் மிகப் பெரும்பான்மை அல்சைமர் நோய். ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகர மருத்துவமனையில் 1901-ஆம் ஆண்டு ஆகஸ்டே டேட்டர் என்னும் 51 வயதுப் பெண்மணியைச் சேர்த்தார்கள். டாக்டர் அலாய்ஸ் அல்சைமர் அவரிடம் கணவர் பெயரைக் கேட்டபோது, அந்த அம்மாள் தம் பெயரையே சொன்னாராம். அவர் 1906-இல் இறந்த பிறகு, அல்சைமர் அவருடைய மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத்திட்டாக ஏதோ படிந்திருந்தது. உள்ளே நூல் சிக்கலைப்போல முறுக்கிக் கிடந்தது. திட்டுகள் அமிலாய்டு என்னும் புரதம் என்றும், சிக்கல்கள் டௌ என்னும் புரதம் என்றும் பின்னாளில் கண்டுபிடித்தார்கள்.

ஆனால் தோழியரே, இறந்தவரின் மூளையை அல்லவா அவரால் பார்க்க முடிந்தது! அதற்குப் பிறகு ஏறத்தாழ நூறு ஆண்டுகள், ஒருவருக்கு வந்திருப்பது அல்சைமர்தான் என்று நிச்சயமாகச் சொல்ல அவர் இறக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்கும் முறையும், அமிலாய்டு திட்டுகளைப் படமாகக் காட்டும் 'பெட்' ஸ்கேன் முறையும் பிறகு வந்தன. அமிலாய்டை மட்டும் தனியாகக் காட்டிய முதல் பெட் ஸ்கேன் ஆராய்ச்சி 2004-இல்தான் வெளியானது. ஒன்று வலிக்கும், மற்றொன்றுக்குப் பணம் மிக அதிகம். எல்லா ஊரிலும் கிடைப்பதும் இல்லை.

இங்கேதான் ஒரு துளி இரத்தம் வருகிறது.

மூளையில் நடக்கும் சேதத்தின் தடயங்கள் மிக மிகச் சிறிய அளவில் இரத்தத்தில் கசிகின்றன. எவ்வளவு சிறிய அளவு தெரியுமா? ஒரு கிராமை இலட்சம் கோடிப் பங்காக்கினால் வரும் பங்கைப் பிக்கோகிராம் என்கிறார்கள். அந்தக் கணக்கில் அளக்கிறார்கள்! டௌ புரதத்தை எடுத்துக்கொள்வோம். இரயில் தண்டவாளத்தைக் கட்டைகள் தாங்குவதுபோல, நரம்பணுவுக்குள் இருக்கும் போக்குவரத்துப் பாதைகளை அது தாங்கி நிற்கிறது. ஜெபமாலையைப்போலக் கோத்த சங்கிலி அது. அதன் முழு வடிவத்தில் 441 மணிகள். அல்சைமர் நோயில் இந்தச் சங்கிலியின் சில மணிகளில் பாஸ்பேட் அளவுக்கு மீறி ஒட்டிக்கொள்கிறது. 217-ஆவது மணியில் பாஸ்பேட் ஒட்டிய டௌ இரத்தத்தில் கூடுதலாக இருந்தால், மூளையில் அல்சைமர் மாற்றங்கள் நடக்கின்றன என்பதற்கு அது வலுவான அடையாளம். அதற்கு 'பி-டௌ 217' என்று பெயர். அதுபோல, அமிலாய்டு 42 என்னும் புரதம் மூளையில் படியப் படிய இரத்தத்தில் அது குறைகிறது.

சுவீடன் நாட்டில் லுண்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 1,213 நோயாளிகளிடம் இதைச் சோதித்து 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். அல்சைமரா இல்லையா என்பதைப் பொது மருத்துவர்கள் நூற்றுக்கு 61 பேரிடம் சரியாகச் சொன்னார்கள். நினைவாற்றல் நோய் நிபுணர்கள் 73 பேரிடம் சரியாகச் சொன்னார்கள். இரத்தப் பரிசோதனையோ ஏறத்தாழ 90 பேரிடம் சரியாகச் சொன்னது! 2025 மே மாதம் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், அல்சைமரைக் கண்டறிய உதவும் முதல் இரத்தப் பரிசோதனைக்கு அனுமதி அளித்தது. எல்லோருக்கும் அல்ல, 55 வயதைக் கடந்து, அறிகுறிகள் உள்ளவர்களுக்கு மட்டும், மருத்துவரின் மற்ற சோதனைகளோடு சேர்த்துப் பார்ப்பதற்கு.

சரி, இதில் கணிப்பொறிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். இயந்திரக் கற்றல் என்பது என்ன என்று புத்தகத்தில் எத்தனை முறை படித்தும் எனக்கு விளங்கவில்லை. ஒரு நாள் ஆச்சி மீன் வாங்குவதைப் பார்த்தபோதுதான் விளங்கியது. நல்ல மீனை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டால் ஆச்சிக்குச் சொல்லத் தெரியாது. செவுளின் நிறம், கண்ணின் பளபளப்பு, சதையின் இறுக்கம், வாடை என்று எல்லாவற்றையும் ஒரே நொடியில் சேர்த்துப் பார்க்கிறார்கள். யாரும் அவர்களுக்குச் சூத்திரம் எழுதிக் கொடுக்கவில்லை. ஆயிரக்கணக்கான மீன்களை வாங்கி, சமைத்து, எது நல்லது, எது கெட்டது என்று பார்த்துப் பார்த்துக் கற்றார்கள். கணிப்பொறியும் அப்படியே கற்கிறது. விதியை நாம் சொல்லிக்கொடுப்பதில்லை. உதாரணங்களையும் அவற்றின் விடைகளையும் கொடுக்கிறோம். விதியை அதுவே தேடிக்கொள்கிறது.

பிரிட்டனில் 'யு.கே. பயோபேங்க்' என்று ஒரு திட்டம் உண்டு. 2006 முதல் 2010 வரை ஏறக்குறைய 5 இலட்சம் பேர் தாமாக முன்வந்து இரத்தம் கொடுத்தார்கள். அதை உறைய வைத்துப் பாதுகாத்தார்கள். பிறகு ஆண்டுக்கணக்காக அவர்கள் உடல்நலத்தைக் கவனித்து வந்தார்கள். அவர்களில் 52,645 பேரின் இரத்தத்தைச் சீனாவின் ஃபூடான் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தாரும் ஆராய்ந்தார்கள். இரத்தம் கொடுத்த நாளில் இவர்களில் ஒருவருக்கும் மறதி நோய் இல்லை. சுமார் 14 ஆண்டுகளில் 1,417 பேருக்கு வந்துவிட்டது. ஒவ்வொருவர் இரத்தத்திலும் 1,463 புரதங்களின் அளவைக் கணிப்பொறியிடம் கொடுத்து, யாருக்கு நோய் வந்தது என்பதையும் சொன்னார்கள். ஒரு மனிதர் உட்கார்ந்து இத்தனை எண்களையும் ஒப்பிட வாழ்நாள் போதாது. கணிப்பொறி சலித்தெடுத்து, சில புரதங்களை முன்னால் நிறுத்தியது. அவற்றுள் முக்கியமானது ஜி.எப்.ஏ.பி. என்னும் புரதம். மூளையில் நரம்பணுக்களைப் பேணிக் காக்கும் அணுக்களுக்குள் இருப்பது. நோயை மருத்துவர் கண்டுபிடிப்பதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே அது இரத்தத்தில் மாறத் தொடங்கிவிடுகிறதாம்! இந்த ஆராய்ச்சி 2024 பிப்ரவரியில் வெளியானது.

அந்தக் கணிப்பு எவ்வளவு சரி? பின்னாளில் நோய் வந்த ஒருவரையும் வராத ஒருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, யாருக்கு ஆபத்து அதிகம் என்று கேட்டால், அந்தப் புரதத்தோடு வயது, படிப்பு முதலிய விவரங்களையும் சேர்த்துப் பார்த்து, நூற்றுக்கு ஏறக்குறைய 89 முறை சரியானவரைக் காட்டுகிறது.

இதைப் படித்ததும் துள்ளிக் குதித்தேன். உலகத்தில் எல்லோருக்கும் இந்தப் பரிசோதனையைச் செய்துவிட்டால் என்ன என்று சிஸ்டரிடம் கேட்டேன். அவர்கள் சிரித்துக்கொண்டே, "நீ கணக்கில் கெட்டிக்காரிதானே, ஒரு கணக்குப் போட்டுப் பார்" என்றார்கள். போட்டேன். ஆயிரம் பேரில் 50 பேருக்கு நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பரிசோதனை நூற்றுக்கு 90 முறை சரியாகச் சொல்லும் என்றும் வைத்துக்கொள்வோம். நோயுள்ள 50 பேரில் 45 பேரைப் பிடித்துவிடும். ஆனால் நோயில்லாத 950 பேரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 95 பேருக்கும் 'நோய்' என்று சொல்லிவிடும்! ஆக, நோய் என்று பயமுறுத்தப்பட்ட 140 பேரில் 95 பேர் வீணாக அழுவார்கள். அறிகுறி உள்ளவர்களுக்கே பரிசோதனை என்று விதித்திருப்பதன் காரணம் அப்போது புரிந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் பி-டௌ அளவு கூடுதலாகக் காட்டக்கூடும். மேலும் பயோபேங்கில் இரத்தம் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். கடல் மீனைப் பார்த்துப் பழகிய கண், குளத்து மீனையும் அப்படியே மதிப்பிடும் என்று சொல்ல முடியுமா? நம் நாட்டு மக்களின் இரத்தத்தையும் பார்த்துக் கணிப்பொறி கற்க வேண்டும். 2023-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு மறதி நோய் இருக்கிறது. ஏறக்குறைய 88 இலட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம்.

நம்மைப் போன்ற கன்னியர் மடப் பள்ளி மாணவிகள் பெருமைப்பட வேண்டிய செய்தி ஒன்றையும் சிஸ்டர் சொன்னார்கள். அமெரிக்காவில் 1986-இல் டேவிட் ஸ்னோடன் என்ற விஞ்ஞானி, நோத்ர் தாம் பள்ளிச் சகோதரிகள் சபையைச் சேர்ந்த கன்னியரிடம் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். கன்னியர் எல்லோரும் ஒரே விதமான உணவு, ஒரே விதமான வாழ்க்கை உள்ளவர்கள். அதனால் ஒப்பிடுவது எளிது. 75 வயதுக்கு மேற்பட்ட 678 சகோதரிகள் சம்மதித்தார்கள். ஆண்டுதோறும் நினைவாற்றல் சோதனை. இறந்த பின் தங்கள் மூளையையே ஆராய்ச்சிக்குக் கொடுப்பதாக வாக்குறுதி! அவர்களில் சிலர் மடத்தில் சேர்ந்த காலத்தில், சுமார் 22 வயதில், தங்கள் வரலாற்றைக் கையால் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாள்கள் மடத்துப் பெட்டகத்தில் பத்திரமாக இருந்தன. அவற்றை எடுத்துப் படித்தால் ஓர் அதிசயம்! இளமையில் கருத்துச் செறிவோடு எழுதியவர்களுக்கு முதுமையில் அல்சைமர் குறைவாகவும், வெறுமையாக எழுதியவர்களுக்கு அதிகமாகவும் இருந்தது. இதைக் கேட்டதும் நான் ஓடிப்போய் என் கட்டுரை நோட்டை எடுத்துப் பார்த்தேன். "பசு ஒரு வீட்டு விலங்கு. அது பால் தரும்" என்று இருந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை. "அது மூன்றாம் வகுப்பு நோட்டு, பயப்படாதே" என்று அம்மா சமாதானம் சொன்னார்கள்.

அந்த ஆராய்ச்சியில் சகோதரி மேரி என்பவர் 101 வயது வரை வாழ்ந்தார். நினைவாற்றல் சோதனையில் கடைசிவரை நன்றாகவே தேறினார். இறந்தபின் பார்த்தால், அவர் மூளையில் திட்டுகளும் சிக்கல்களும் நிறையவே இருந்தன! ஆகவே, புரதத்தின் அளவு மட்டுமே மனிதரின் தலையெழுத்து ஆகிவிடாது. இரத்தம் எச்சரிக்கும், தீர்ப்புச் சொல்லாது.

அந்தச் சகோதரிகளை நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அவர்கள் தங்கள் மறதியை மறைக்கவில்லை. ஆண்டுதோறும் விஞ்ஞானியின் முன் உட்கார்ந்து, "எனக்கு எவ்வளவு நினைவிருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள்" என்று கொடுத்தார்கள். நானோ ஆச்சியின் மறதியை உப்பைப்போலக் கரைத்து மறைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரியில் கண்காட்சி நடந்தது. என் படங்களுக்கு முன்னால் நல்ல கூட்டம். கிளிப்பிள்ளையைப்போல விளக்கிக்கொண்டிருந்தேன். மாலையில் அப்பா வந்தார்கள். மற்றப் பெற்றோரோடு நின்று முழுவதையும் கேட்டுவிட்டு, "அறிகுறி தெரிஞ்சா வீட்டுல உள்ளவங்க முதல்ல என்ன செய்யணும்மா?" என்று கேட்டார்கள்.

"உடனே டாக்டரிடம்..." என்று தொடங்கினேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. கையிலிருந்த குச்சி கீழே விழுந்தது. எல்லோர் முன்னிலையிலும் அழுதுவிட்டேன். அப்பா என்னை மரத்தடிக்கு அழைத்துப் போனார்கள். பூட்டிய கடை வாசலில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா கோபிக்கவில்லை. வெகுநேரம் சும்மா இருந்துவிட்டு, "எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. கேட்கப் பயந்துட்டேன்" என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஆச்சியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "சத்தியத்தை மீறிட்டேன் ஆச்சி. அப்பாட்ட சொல்லிட்டேன்" என்றேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். என் தலையைத் தடவினார்கள். "சொல்லணும்னுதான் எனக்கும் இருந்துச்சுட்டி. யார்ட்ட எப்படிச் சொல்லன்னு தெரியல" என்றார்கள்.

அடுத்த வாரம் டாக்டரிடம் போனோம். அவர் ஆச்சியிடம் தேதி கேட்டார். மூன்று வார்த்தைகளைச் சொல்லிச் சற்று நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். கடிகாரம் வரையச் சொன்னார். ஆச்சி மூன்றில் ஒரு வார்த்தையைத்தான் சொன்னார்கள். பிறகு இரத்தம் எடுத்தார்கள். நான் ஆர்வத்தோடு, "பி-டௌ 217 பார்ப்பீர்களா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் வியப்போடு என்னைப் பார்த்து, "அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இருக்கிறது. மறதி எல்லாம் அல்சைமர் அல்ல. தைராய்டு குறைந்தாலும் மறதி வரும், பி12 வைட்டமின் குறைந்தாலும் வரும், மனச்சோர்வாலும் வரும். அவற்றைச் சரிசெய்யலாம். சரிசெய்யக்கூடியதை முதலில் தேட வேண்டும்" என்றார்.

இரண்டு நாளில் முடிவு வந்தது. தைராய்டு சரியாக இருந்தது. பி12 மிகவும் குறைவாக இருந்தது! "நாங்க தினமும் மீன் சாப்பிடுற வீடாச்சே" என்றார்கள் அம்மா. வயதானால் வயிறு அந்த வைட்டமினைச் சரியாகக் கிரகிக்காது என்றும், சர்க்கரை நோய்க்குப் பல ஆண்டுகள் மெட்பார்மின் மாத்திரை சாப்பிட்டாலும் குறையக்கூடும் என்றும் டாக்டர் விளக்கினார். ஆச்சி பதினைந்து வருடமாக அந்த மாத்திரையைச் சாப்பிடுகிறார்கள். பி12 குறைவை நீண்ட நாள் கவனிக்காமல் விட்டால் நரம்புகளுக்கு நேரும் சேதம் முழுவதும் சரியாகாமல் போகலாம் என்றும் சொன்னார். 'நீண்ட நாள்' என்ற சொல் என் நெஞ்சில் தைத்தது. எட்டு மாதம்!

ஊசி போடத் தொடங்கினார்கள். மூன்று மாதத்தில் ஆச்சியின் கால் மரத்துப்போவது குறைந்தது, சோர்வு நீங்கியது, ஜெபமாலையில் எண்ணிக்கை தவறுவது வெகுவாகக் குறைந்தது. கதையை இங்கே முடித்து, ஆச்சி பூரண குணமடைந்தார்கள் என்று எழுதத்தான் எனக்கு ஆசை. ஆனால் அது உண்மையாகாது. சில பெயர்கள் இன்னும் வருவதில்லை. கிழமை இன்னும் மாறிப்போகிறது. ஆறு மாதம் கழித்து மறுபடி சோதித்துப் பார்த்து, தேவையானால் அடுத்த பரிசோதனைகளுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அல்சைமர்தான் என்று தெரிந்தால் என்ன பயன், மருந்துதான் இல்லையே என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். அமெரிக்காவில் 2023-இல் லெக்கானெமாப் என்ற மருந்துக்கும், 2024-இல் டோனானெமாப் என்ற மருந்துக்கும் முழு அனுமதி கிடைத்தது. இவை நோயைக் குணப்படுத்துவதில்லை. ஆரம்ப நிலையில் கொடுத்தால் அதன் வேகத்தைச் சற்றுக் குறைக்கின்றன. லெக்கானெமாப் சோதனையில் 18 மாதத்தில் நூற்றுக்கு 27 பங்கு வேகம் குறைந்தது. சிலருக்கு மூளையில் வீக்கமும் இரத்தக் கசிவும் ஏற்படும் ஆபத்தும் உண்டு. ஆகவே மருந்து மட்டும் பதில் அல்ல. முன்கூட்டியே தெரிந்தால், தன் காரியங்களைத் தானே தீர்மானிக்க அந்த மனிதருக்கு நேரம் கிடைக்கிறது. வீட்டில் உள்ளவர்களுக்குக் கத்தாமல் இருக்கக் காரணம் கிடைக்கிறது.

'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த குழு 2024-இல் ஒரு கணக்குச் சொன்னது. நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால், உலகில் ஏற்படும் மறதி நோயில் நூற்றுக்கு 45 பங்கைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டாம். இரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, தனிமை, காது கேளாமை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அதில் ஒன்றைப் படித்ததும் நான் நின்றுவிட்டேன். சிறு வயதில் படிப்பு இல்லாமை! எங்கள் ஆச்சியை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். பெண்பிள்ளைக்கு அது போதும் என்றார்களாம். அந்தக் காலத்து அநியாயம் அறுபது வருடம் கழித்தும் அவர்கள் மூளையில் கணக்குத் தீர்க்கிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது. பள்ளிக்கு வர மழையைக் காரணம் காட்டிச் சோம்பல்படும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது எங்கள் வீட்டில் சில புதிய பழக்கங்கள் வந்திருக்கின்றன. ஆச்சிக்குக் காதில் கருவி வாங்கிக் கொடுத்திருக்கிறோம். கூடத்தில் பெரிய எழுத்தில் கிழமையும் தேதியும் எழுதிய அட்டை தொங்குகிறது; அதைத் தினமும் மாற்றுவது என் வேலை. மாலையில் நான் பாடம் படிக்கும்போது ஆச்சியும் பக்கத்தில் உட்கார்ந்து என் பழைய ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள். "விட்ட இடத்திலேருந்து தொடங்கியாச்சு" என்று சிரிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சேர்ந்தே வீடு திரும்புகிறோம். அந்தக் கடை வாசல் வரும்போது ஆச்சி என் கையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பார்கள். நானும் பிடிப்பேன்.

தோழியரே! ஒரு துளி இரத்தத்தில் பத்து ஆண்டுகளுக்கு முன்பே நோயின் நிழலைக் காண விஞ்ஞானிகள் இரவு பகலாக உழைக்கிறார்கள். ஆனால் அவர்கள் தேடித் தரும் பத்து ஆண்டுகளை, வெட்கத்தாலும் பயத்தாலும் நம் வீட்டு அடுக்களையிலேயே தொலைத்துவிட்டால் என்ன பயன்? எந்தக் கணிப்பொறிக்கும் முன்னால் ஆச்சியின் மாற்றத்தைக் கண்டது நான்தான். கண்டதைச் சொல்லத்தான் எனக்குத் தைரியம் இல்லை. உங்கள் வீட்டிலும் ஓர் ஆச்சியோ தாத்தாவோ, "யார்ட்டயும் சொல்லிராத" என்று உங்கள் கையைப் பிடித்தால், அந்தக் கையை விட்டுவிடாதீர்கள். அன்போடு பிடித்துக்கொண்டே, சொல்ல வேண்டியவரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். எட்டு மாதம் காத்திருக்காதீர்கள்.